தாமதமாக வந்த கோப்பை
(கார்ப் பந்தய வீரர் வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கை வரலாறு)



ஆண்டு மலர் என்றாலே அதில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அறிவியல் மேதைகள், நாட்டுத் தலைவர்கள், புனிதர்கள் என்று பலரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். இம்முறை ஒரு கார்ப் பந்தய வீரரைப் பற்றி எழுதுகிறேன். பெண்கள் பள்ளிக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். கடைசி வரை படித்துவிட்டு அதற்கான விடையை நீங்களே சொல்லுங்கள்.

கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இஞ்சின் புதிய பொருள் அன்று. விசைப்படகின் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை கிரீசும் கரியுமாக வேலை செய்யும் அண்ணன்மாரைக் கரையோரம் நாம் அன்றாடம் பார்க்கிறோம். புதுச் சாமான் வாங்கப் பணம் இல்லாதபோது பழைய சாமானையே தேய்த்து, ஒட்டவைத்து, மறுநாள் படகைக் கடலுக்கு அனுப்பிவிடுகிற கைகள் அவை. நம் கதாநாயகரும் அப்படிப்பட்ட ஒரு மெக்கானிக்தான். வெண்டல் ஸ்காட் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டின் கறுப்பினத்தவர் அவர்.

ஸ்டாக் கார்ப் பந்தயம்

அவர் ஓட்டியது ஸ்டாக் கார்ப் பந்தயம். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்யப்படும் காரில் ஓட்டுவது ஒரு வகை. கடையில் எல்லாருக்கும் விற்கும் சாதாரணக் காரையே வாங்கி, அதை வலுப்படுத்தி, வட்டமான ஓடுதளத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டுவது மற்றொரு வகை. அந்நாளில் இந்த இரண்டாவது வகையே ஸ்டாக் கார்ப் பந்தயமாக இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடக்க காலத்தில் பல ஓடுதளங்கள் வெறும் மண் தரைதான். கார்கள் திரும்பும் இடமெல்லாம் புழுதி பறக்கும். இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்தி நடத்த 1948-ஆம் ஆண்டு பில் பிரான்ஸ் என்பவர் நிறுவிய அமைப்புக்கு நாஸ்கார் என்று பெயர்.

நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனை நீங்கள் அறிவீர்கள். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் விர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் என்னும் ஊரில் நாஸ்கார் டிரக் பந்தயத்திலும் அவர் கலந்துகொண்டார். அந்த மார்ட்டின்ஸ்வில்லிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் டான்வில் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கேதான் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் வெண்டல் ஸ்காட் பிறந்தார்.

இளமைப் பருவம்

அந்நாளில் டான்வில் ஊரில் பிழைப்பு என்றால் இரண்டே வழிகள்தாம். ஒன்று பஞ்சாலை, மற்றொன்று புகையிலை ஆலை. இரண்டிலும் மேலாளர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவருக்குக் கடினமான வேலையும் குறைந்த கூலியுமே கிடைத்தன. பள்ளி வேறு, தேவாலயம் வேறு, திரையரங்கில் இருக்கை வேறு, குடிக்கும் தண்ணீர்க் குழாய்கூட வேறு என்று நிறத்தை வைத்து மக்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. மனிதனை மனிதன் ஒதுக்கி வைக்கும் கொடுமை எத்தகையது என்பதை நம் நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெண்டலின் தந்தை வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தவர். சிறுவன் வெண்டல் தந்தையின் அருகில் நின்றே இஞ்சின் வேலையைக் கற்றுக்கொண்டான். சைக்கிளில் வெள்ளைச் சிறுவர்களோடு போட்டி போடுவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு தெருச் சரிவுகளில் பாய்ந்து வருவான். வேகம் அவன் இரத்தத்தில் ஊறியிருந்தது. ஆலையில் ஒருவருக்குக் கீழே கைகட்டி நிற்பதில்லை, சொந்தக் காலில் நிற்பது என்று இளமையிலேயே உறுதி பூண்டான்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே அவர் டாக்சி ஓட்டப் போனார். 1943-இல் மேரி என்னும் நல்லாளை மணந்தார். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து, ஐரோப்பாவில் வாகனங்களைப் பழுது பார்க்கும் பணியைச் செய்தார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் சொந்தமாக ஒரு கார்ப் பட்டறை வைத்தார்.

பட்டறை வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. ஆகவே இரவு நேரங்களில் கள்ளச்சாராயம் கடத்தும் வேலையையும் அவர் செய்தார். வரலாறு எழுதுகிறவர் இதை மறைப்பது நேர்மையாகாது. காவலர்களின் காரை முந்திச் செல்லும்படி தம் காரின் இஞ்சினை வலுப்படுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு, மலைப்பாதையில் பறந்தவர்களில் அவரும் ஒருவர். 1949-இல் பிடிபட்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனையும் பெற்றார். அது தவறான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்காலத்துப் பந்தய வீரர்களில் பலர், வெள்ளையர்கள் உட்பட, அந்த இரவுப் பாதைகளில்தான் வேகம் பயின்றார்கள் என்பதும் வரலாற்று உண்மை.

முதல் பந்தயம்

1952-ஆம் ஆண்டு டான்வில் ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கவாவது ஆட்கள் வருவார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நன்றாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார் என்று காவலர்களிடமே விசாரித்தார்கள். காவலர்களுக்கோ அந்த விடை நன்றாகவே தெரிந்திருந்தது! பல இரவுகள் துரத்தியும் அவர்களால் எட்டிப் பிடிக்க முடியாத வெண்டல் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள்.

மே 23-ஆம் நாள் தம் முதல் பந்தயத்தில் ஸ்காட் இறங்கினார். அதுவரை கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்து பந்தயம் பார்த்தவர், அன்று ஓடுதளத்தில் நின்றார். பார்வையாளர்கள் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். பாதியிலேயே காரும் பழுதாகி நின்றுவிட்டது. ஆனால், அன்றே அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டார். தாம் செய்ய வேண்டிய தொழில் இதுதான் என்பதே அது.

காரைச் சரிசெய்துகொண்டு மறுநாளே வின்ஸ்டன்-சேலம் என்னும் ஊரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சில நாட்கள் கழித்து வேறோர் ஊருக்குப் போனார். அங்கும் அதே பதில்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கண்ணீர் வடித்தார். அந்தக் கண்ணீரோடு ஒதுங்கியிருந்தால் அவர் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். அவரோ நாஸ்கார் அல்லாத சிறு பந்தயங்களைத் தேடிச் சென்றார். முதல் பந்தயம் ஓடிய இரண்டு வாரங்களுக்குள் லிஞ்ச்பர்க் என்னும் ஊரில் ஒரு சிறு பந்தயத்தில் முதல் வெற்றியையும் பெற்றுவிட்டார்.

நாஸ்காரில் நுழைவு

பின்னர் ரிச்மண்ட் நகரில் நடந்த ஒரு நாஸ்கார் பந்தயத்துக்குக் காரைக் கட்டி இழுத்துச் சென்று, அங்கிருந்த ஓர் அலுவலரிடம் உரிமம் கேட்டார். அந்த அலுவலர் பெரிய அதிகாரம் படைத்தவர் அல்லர். ஆனாலும், வரப்போகும் துன்பங்களை எண்ணிப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டு உரிமத்தை வழங்கினார். நாஸ்கார் உரிமம் பெற்ற முதல் கறுப்பின ஓட்டுநர் என்னும் பெருமை இவ்வாறு ஸ்காட்டுக்குக் கிடைத்தது.

1954-இல் ஒரு பந்தய அமைப்பாளர் வெள்ளை ஓட்டுநர்களுக்கெல்லாம் பெட்ரோல் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஸ்காட்டுக்கு மட்டும் மறுத்தார். ஸ்காட் அதை நாஸ்கார் தலைவர் பில் பிரான்சிடம் நேரிலேயே முறையிட்டார். அவர் தம் சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, நாஸ்காரில் நிறம் பார்க்கப்படாது என்று வாக்குறுதியும் அளித்தார். அந்த வாக்குறுதி எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வேண்டுமென்றே வந்து காரை இடித்தவர்கள் உண்டு. உணவு விடுதிகளில் இடம் மறுத்தவர்கள் உண்டு. அதே சமயம், அவருடைய பொறுமையையும் திறமையையும் கண்டு நண்பர்களான வெள்ளை ஓட்டுநர்களும் உண்டு. 1959-ஆம் ஆண்டு விர்ஜீனியா மாநில அளவிலான ஒரு பிரிவில் நாஸ்கார் சாம்பியன் பட்டத்தை அவர் வென்றார். 1961-இல் நாஸ்காரின் மிக உயர்ந்த பிரிவாகிய கிராண்ட் நேஷனலில் ஓடத் தொடங்கினார்.

பணக்கார அணிகளுக்குக் கார்க் கம்பெனிகளின் ஆதரவும், தேர்ந்த மெக்கானிக்குகளும், பந்தயத்துக்குப் பந்தயம் புது டயர்களும் இருந்தன. ஸ்காட்டுக்கோ ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே! பிறர் ஓட்டிக் கழித்த காரைத்தான் அவரால் வாங்க முடிந்தது. அவருடைய மைந்தர்களே டயர் மாற்றும் பணியாளர்கள். இஞ்சின் இடையில் கெட்டுப்போனால் மாற்று இஞ்சின் கிடையாது. ஆகவே, அதைக் காப்பாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓட்டி வெற்றிக்கு முயல்வதா, இஞ்சினைக் காத்து அடுத்த வாரப் பந்தயத்துக்கும் போவதா என்னும் கேள்வி ஒவ்வொரு வாரமும் அவர் முன் நின்றது. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. பட்டறையிலும் பந்தயத்திலும் வந்த பணத்தைக் கொண்டே அவரும் மேரி அம்மையாரும் பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தார்கள்.

எண்ண மறந்த சுற்றுகள்

1963-ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. ஜூன் மாதத்தில் டான்வில் நகரிலேயே ஊர்வலம் சென்றவர்கள் மீது தடியடி நடந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அவர்களைச் சிதறடித்தார்கள். ஆகஸ்டு 28-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் முதலானோரின் தலைமையில் வாஷிங்டன் மாநகரில் மாபெரும் பேரணி நடந்தது.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் ஒரு பந்தயம். அரை மைல் நீளமுள்ள மண் ஓடுதளத்தில் 200 சுற்றுகள் ஓட வேண்டும். அதாவது 100 மைல், நம் கணக்கில் சுமார் 160 கிலோமீட்டர். நெட் ஜாரெட் என்னும் புகழ்பெற்ற வீரரிடமிருந்து வாங்கிய பழைய செவர்லே காரில் ஸ்காட் ஓடினார். குண்டும் குழியுமான தளத்தில் கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. 25 சுற்றுகள் எஞ்சியிருந்தபோது, ரிச்சர்ட் பெட்டி என்னும் பெரும் வீரரை முந்திக்கொண்டு ஸ்காட் முதலிடத்துக்கு வந்தார். அதன்பின் அவரை யாரும் முந்தவில்லை.

200 சுற்றுகளும் முடிந்தன. ஆனால், பந்தயம் முடிந்ததற்கு அடையாளமான கட்டம் போட்ட கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை! அவர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பக் பேக்கர் என்னும் வெள்ளை வீரருக்குக் கொடி அசைக்கப்பட்டது. அவரே வென்றவர் என்று அறிவித்து, கோப்பையையும் அவர் கையில் கொடுத்தார்கள்.

அக்காலத்தில் சுற்றுகளை எண்ணுவதற்கு எந்திரம் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஒருவர் அமர்ந்து, கார் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் தாளில் குறித்துக்கொள்வார். ஸ்காட் மறு எண்ணிக்கை கோரினார். தாள்களை மீண்டும் சரிபார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து உண்மை வெளிப்பட்டது. வென்றவர் ஸ்காட்தான், அதுவும் இரண்டு சுற்றுகள் முன்னதாக! அவர் 200 அல்ல, 202 சுற்றுகள் ஓடியிருந்தார். ஆனால், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பேக்கரும் கோப்பையோடு ஊருக்குப் போய்விட்டார். பரிசுப் பணம் ஸ்காட்டுக்கு வந்து சேர்ந்தது. கோப்பை என்று பிற்பாடு ஒரு நாள் மரத்தாலான ஒரு சிறு பொருளைக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கையில் நேர்ந்த பிழை என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஸ்காட்டும் அவர் குடும்பத்தாரும் அதை நம்பவில்லை. வென்றவருக்குக் கோப்பை வழங்க அழகுராணி ஒருத்தியை மேடையில் நிறுத்துவது அங்கே வழக்கம். அவள் வெள்ளையினப் பெண். அவள் அருகில் ஒரு கறுப்பர் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதை ஆயிரக்கணக்கானோர் பார்க்கக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்தார்கள் என்பது அவர்கள் கருத்து. நிறம் பார்க்கப்படாது என்று 1954-இல் கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று? சிந்தித்துப் பாருங்கள்.

ஓய்வும் மறைவும்

இவ்வளவு பெரிய அநீதிக்குப் பிறகு ஒருவர் என்ன செய்வார்? வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். ஸ்காட் ஊருக்குத் திரும்பி, காரைக் கழற்றி, தேய்ந்த சாமான்களை மாற்றி, அடுத்த பந்தயத்துக்குப் புறப்பட்டார். 1966-ஆம் ஆண்டு மொத்தப் புள்ளிகளில் ஆறாம் இடம் பெற்றார். பெருஞ்செல்வ அணிகளுக்கிடையே பழைய காரோடு வந்த ஒரு தனி மனிதருக்கு இது சாதாரண இடமா? 1961 முதல் 1973 வரை மிக உயர்ந்த பிரிவில் 495 பந்தயங்களில் ஓடினார். அவற்றில் 147 பந்தயங்களில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். வெற்றி என்று கணக்கில் இருப்பது அந்த ஜாக்சன்வில் பந்தயம் ஒன்றுதான்.

1973-ஆம் ஆண்டு மே மாதம் அலபாமா மாநிலத்து டல்லடேகா ஓடுதளத்தில் பல கார்கள் ஒன்றோடொன்று மோதிய பெரும் விபத்தில் ஸ்காட் சிக்கினார். இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. அதே ஆண்டில் இன்னும் ஒரே ஒரு பந்தயம் ஓடி, அதில் 12-ஆம் இடம் பெற்று, அத்துடன் பந்தயத்திலிருந்து விடைபெற்றார். மறுபடியும் டான்வில் பட்டறையே அவர் உலகமாயிற்று. 1977-இல் அவர் வாழ்க்கையைத் தழுவி ஒரு திரைப்படமும் வந்தது. 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விழாவுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது, தம் 69-ஆம் வயதில் புற்றுநோயால் அவர் காலமானார். தாம் வென்ற கோப்பையை அவர் தம் வாழ்நாளில் பார்க்கவில்லை.

மறைவுக்குப் பின்

காலம் மெல்ல மெல்ல மாறியது. டான்வில் நகரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியது. 2015-இல் நாஸ்கார் தன் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், டேடோனா ஓடுதளத்தில் கூடியிருந்த மக்களின் முன்னிலையில் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்தாரிடம் வழங்கியது. வென்ற நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 58 ஆண்டுகள்!

அதே ஆண்டு அக்டோபர் மாதம் பப்பா வாலஸ் என்னும் கறுப்பின இளைஞர் நாஸ்காரின் உயர்ந்த பிரிவில் வெற்றி பெற்றார். ஸ்காட்டுக்குப் பின் அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அவர் வென்ற இடம் எது தெரியுமா? ஸ்காட்டின் எலும்புகள் முறிந்த அதே டல்லடேகா ஓடுதளம்!

நாம் கற்கும் பாடம்

மாணவியரே! விடாமுயற்சி வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் பாடம் என்று நீங்கள் எழுதினால் அதற்கு மதிப்பெண் உண்டு. ஆயினும் அதோடு நின்றுவிடாதீர்கள். தாமதமாக வந்த கோப்பையைப் பார்த்து, எல்லாம் நன்றாக முடிந்தது என்று நிறைவு கொள்வதும் சரியன்று. பிள்ளைகளின் கையில் கொடுத்த கோப்பை, தந்தையின் கையில் கொடுத்ததாகாது.

ஆகவே, ஓடியவரைப் போலவே, அன்று சுற்றுகளைக் குறித்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். கையில் பென்சில், முன்னால் தாள், கண்ணெதிரே கடந்து போகும் 34-ஆம் எண் கார். கண்டதைக் கண்டபடி எழுதி, அதை உரக்கச் சொல்லும் துணிவு ஒருவருக்கு இருந்திருந்தால் போதும். அந்த மாலைப் பொழுதிலேயே கோப்பை உரியவரிடம் சேர்ந்திருக்கும்.

நம்மில் எத்தனை பேர் கார்ப் பந்தயம் ஓட்டப் போகிறோம்? மிகச் சிலரே. ஆனால், கணக்கு எழுதும் பென்சில் ஏதோ ஒரு நாள் நம் ஒவ்வொருவர் கையிலும் வரும். சிலர் ஆசிரியைகளாகி விடைத்தாள் திருத்துவீர்கள். சிலர் வங்கியிலும் அலுவலகத்திலும் அமர்வீர்கள். கரையில் மீன் ஏலத்தின்போது எடையையும் விலையையும் குறித்துக்கொள்ளும் பொறுப்பு சிலருக்கு வரும். அப்போது முன்னால் நிற்பவர் நம் சாதியா, நம் மதமா, நம் தெருவா, நமக்கு வேண்டியவரா என்று பார்க்காமல், யார் வென்றாரோ அவர் பெயரை, எவ்வளவு வந்ததோ அவ்வளவை, அப்போதே எழுதுங்கள். மறு எண்ணிக்கைக்கு இடமில்லாதபடி எழுதுங்கள்.

பெண்கள் பள்ளிக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று இனி யாராவது கேட்டால், விடையை நீங்களே சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.